சதை டப்பாவும் நானும்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். கேன்சர் வார்டில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவளுக்குச் சத்தமாகப் பேச வராது. அங்கே டாக்டர் மெதுவாகச் சொல்வார். கேட்டவர் அதைவிட மெதுவாக வெளியே வந்து சொல்வார். வாசலில் நிற்கிற சொந்தக்காரருக்கு உதடு அசைவது மட்டும்தான் தெரியும். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. வீட்டில் உப்பு எடு என்று சொன்னால்கூட, யாருக்கு என்ன ஆச்சு என்று மருமகள் பதறிக்கொண்டு வருகிறாள்.

நான் டாக்டர் இல்லை, நர்சும் இல்லை. ராயபுரத்தில் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். எண்ணூர் போகிற ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு டிரஸ்டு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை. பெட்ஷீட் மாற்றுவேன், நோயாளியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போவேன். எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை ஒன்று இருந்தது. ஆபரேஷன் தியேட்டரில் வெட்டி எடுத்த சதையை மருந்துத் தண்ணீர் ஊற்றின டப்பாவில் போட்டு மூடித் தருவார்கள், அதை லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். ரோசி என்று அழகாக ஒரு பேர் இருந்தும் எனக்கு அங்கே ‘சதை டப்பாக்கா’ என்றுதான் பேர். காலை ஆறு மணிக்கு டோக்கன் வாங்கி, மதியம் வரைக்கும் ஓ.பி. பெஞ்சில் உட்கார்ந்து இடுப்பு மரத்துப்போனவராக நீங்கள் இருந்தால், இதைக் கேட்டு ஒரு இடத்திலாவது ‘ஆமாம்’ என்று தலையாட்டுவீர்கள்.

தேங்காய் மூடி

கட்டி என்றால் பெரிதாக இருப்பதுதான் கெட்டது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வலிக்கிற கட்டியைத் தூக்கிக்கொண்டு மறுநாளே ஓடிவருவார்கள். வலிக்காமல் ஓரமாக உட்கார்ந்திருக்கிற சின்னக் கட்டியைக் காட்ட ஒரு வருஷம் கழித்து வருவார்கள். எங்கள் பெரிய டாக்டரம்மா ஒரு நாளைக்கு நாலு பேரிடம் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொள்வார்.

மாத்தூரில் மளிகைக் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் வந்தார். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். முதுகில் தேங்காய் மூடியைக் கவிழ்த்த மாதிரி ஒரு கட்டி. ஒரு வேன் நிறைய ஜனம் கூட வந்திருந்தது. மனைவி, மச்சான்மார், ஊரிலிருந்து வந்த பெரியப்பா, எல்லார் முகத்திலும் துக்க வீட்டுக் களை. அண்ணாச்சி சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டரம்மா அழுத்தினார், உருட்டினார், ஊசி போட்டு உறிஞ்சி லேபுக்கு அனுப்பினார். மறுநாள் சீட்டு வந்தது. வெறும் கொழுப்புக் கட்டி, ஒன்றும் செய்யாது, உறுத்தினால் எடுத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அப்படியே விடலாம். வந்த ஜனமெல்லாம் சிரிக்க ஆரம்பித்தது. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டே டாக்டரம்மாவைப் பார்த்துக் கேட்டார்:

“இதுக்கா நான் மூணு மாசமா கடைக்கு வந்த ஒருத்தர்ட்டயும் சிரிக்காம இருந்தேன்?”

ஏழுமலையின் கன்னம்

எண்ணூர் ஏழுமலை கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். துறைமுக கேட்டில் வண்டி வரிசையில் நின்றால் எப்போது நகரும் என்று சாமிக்கும் தெரியாது. தூக்கம் வராமல் இருக்க இடது கன்னத்தில் மாவா என்கிற புகையிலைப் பாக்கு உருண்டையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பதினெட்டு வருஷமாக அதே கன்னம், அதே இடம். அங்கே முதலில் வெள்ளையாக ஒரு படை வந்தது, அப்புறம் புண் வந்தது. மிளகாய் பட்டால் எரிகிறது, பல் குத்துகிறது போலிருக்கிறது என்று நினைத்துப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். பல் போயிற்று, புண் போகவில்லை.

டாக்டரம்மா புண்ணின் ஓரத்தில் அரிசி அளவுக்குக் கிள்ளி எடுத்துக் கொடுத்தார், நான் கொண்டுபோய் லேபில் கொடுத்தேன். சந்தேகப்பட்டதுதான் வந்தது. ஆனால் ஆரம்ப நிலை. கன்னத்துச் சதையைக் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்துவைத்து, பிறகு கரண்ட்டு வைத்தால் சரியாகிவிடும் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கரண்ட்டு என்று நாங்கள் சொல்வது கதிர் வைத்தியம். ஏழுமலை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“யக்கா, கன்னத்த வேணும்னா எடுத்துக்கட்டும், நாக்கை மட்டும் வுட்டுட சொல்லு. போர்ட்டு கேட்டாண்ட திட்றதுக்கு என்னாண்ட அது ஒன்னுதான் கீது.”

ஜாக்கெட்டில் விழுந்த சுருக்கம்

அதே வாரம்தான் ஜரீனா வந்தாள். தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள், வயது ஐம்பதை ஒட்டி. அவள் புருஷன் காதர் பாய் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவர். உப்பு லாரி, சிமென்ட்டு லாரி எதுவானாலும் அவர் தைத்த தார்ப்பாயில் ஒரு சொட்டு இறங்காது என்று பேர். அவருக்கு வாயில் வார்த்தை வருவது அபூர்வம். அவருக்கும் சேர்த்து ஜரீனா பேசுவாள்.

எங்கே கட்டி, எப்போது பார்த்தாய் என்று டாக்டரம்மா கேட்டார். கட்டியைத் தான் பார்க்கவில்லை என்றாள் ஜரீனா. தனக்குத் தைத்த புது ஜாக்கெட்டில் வலது பக்கம் ஒரு சுருக்கம் விழுந்ததாம். பிரித்துத் தைத்தாளாம், மறுபடி விழுந்ததாம். துணியை மாற்றி வெட்டினாளாம், அப்போதும் அதே இடத்தில் விழுந்ததாம். டாக்டரம்மா அவளைக் கையைத் தூக்கச் சொன்னார். வலது மார்பில் தோல் லேசாக உள்ளே இழுத்துக்கொண்டது, பொத்தான் வைத்துத் தைத்த மெத்தையில் விழுகிற குழி மாதிரி. அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி, தொட்டால் வலியே இல்லை. இருபது வருஷம் படித்தவர்கள்கூட இதைக் கோட்டைவிட்டிருப்பார்கள் என்று டாக்டரம்மா என்னிடம் அப்புறம் சொன்னார். ஜரீனா அதையெல்லாம் பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு வேறு ஒன்றைத்தான் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.

“துணி மேல தப்பு இல்ல டாக்டரம்மா. நாலு தபா பிரிச்சி தச்சிட்டேன். அப்ப உடம்புலதான் எங்கியோ கீதுன்னு வந்தேன்.”

நீள நூல், குட்டை நூல்

ஊசிப் பரிசோதனையில் கேன்சர்தான் என்று வந்தது. ஆனால் எந்த ரகம், எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை அந்த ஊசி சொல்லாது. வெட்டி எடுத்த கட்டியை லேபில் பார்த்தால்தான் தெரியும். அதைப் பொறுத்துத்தான் அடுத்த மருந்து. மார்பை முழுக்க எடுக்க வேண்டாம், கட்டியையும் சுற்றிக் கொஞ்சம் சதையையும் அக்குளில் சில நெறிகட்டிகளையும் எடுத்தால் போதும் என்று டாக்டரம்மா சொன்னார். வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எடுத்த சதையில் ஒரு பக்கம் நீள நூலும் இன்னொரு பக்கம் குட்டை நூலும் தைத்துவிடுவார்கள். எது மேல் பக்கம், எது வெளிப் பக்கம் என்று லேபுக்காரருக்குத் தெரியத்தான். ஜரீனா கண் விழித்ததும் இதைச் சொன்னேன். நல்ல தையல்காரர் அப்படித்தான் அடையாளம் வைப்பார் என்று சந்தோஷப்பட்டாள்.

இனிமேல்தான் நான் செய்த தப்பு வருகிறது. அந்த வாரம்தான் எங்கள் லேபில் மராமத்து வேலை ஆரம்பித்திருந்தது. அதனால் டப்பாவை வீட்டாரிடமே கொடுத்து, வண்ணாரப்பேட்டையில் இருக்கிற வெளி லேபுக்குக் கொண்டுபோகச் சொல்ல வேண்டும். அன்றைக்கு எனக்கு ஒரே நேரத்தில் மூன்று வேலை. தியேட்டர் வாசலில் நின்ற காதர் பாயிடம் டப்பாவையும் சீட்டையும் நீட்டி, பத்திரமாக எடுத்துப்போங்கள், சீட்டையும் கூடவே கொடுத்துவிடுங்கள் என்றேன். எங்கே, யாரிடம் என்று சொல்லவில்லை. சீட்டில்தான் எழுதியிருக்கிறதே என்று இருந்துவிட்டேன். சீட்டு இங்கிலீஷில் இருந்தது. பாய் தோளிலிருந்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, டப்பாவை இரண்டு கையாலும் வாங்கினார். என்ன மரியாதை இந்த மனுஷனுக்கு என்று நினைத்தேனே தவிர, வேறு ஒன்றும் என் மண்டைக்கு ஏறவில்லை. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

“அவ்ளோதானா யக்கா, வேற எதுவும் உள்ள வச்சிக்கலியே?”

சீட்டு போன இடம்

செவ்வாய்க்கிழமை ஜரீனா கட்டு மாற்ற வந்தாள். டாக்டரம்மா லேபுக்குப் போன் போட்டு ரிப்போர்ட்டு எப்போது வரும் என்று கேட்டார். எந்த ரிப்போர்ட்டு, அப்படி ஒரு டப்பாவே வரவில்லை என்றார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாயிடம் ஓடி, அந்த டப்பா என்ன ஆயிற்று என்று கேட்டேன். இத்தனை நாள் கழித்தாவது ஒருத்தர் அக்கறையாக விசாரித்தார்களே என்பது போல அவர் நிமிர்ந்து பார்த்தார். நல்லபடியாக முடித்துவிட்டேன், வெள்ளிக்கிழமை காலையில், எங்கள் அத்தாவுக்குப் பக்கத்திலேயே என்றார்.

அவர்கள் இடுகாடான கபர்ஸ்தானில் டப்பாவைப் புதைத்திருக்கிறார். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சர்க்கரை வியாதியால் காலை எடுத்தார்களாம். அந்த ஆஸ்பத்திரியில் காலைத் துணியில் சுற்றி, ஒரு சீட்டும் எழுதிக் கையில் கொடுத்தார்களாம், அந்தச் சீட்டைக் காட்டித்தான் காலைப் புதைத்தாராம். மனுஷ உடம்பில் எந்தப் பாகமானாலும் மண்ணில் வைக்க வேண்டும், குப்பையில் போகக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் ஜரீனாவின் சதையும் சீட்டும் கைக்கு வந்ததும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. சீட்டைக் கபர்ஸ்தான் காவலாளியிடம் கொடுத்திருக்கிறார். காவலாளிக்கும் இங்கிலீஷ் தெரியாது. முத்திரையைப் பார்த்துவிட்டு வாங்கி நோட்டில் செருகிக்கொண்டார்.

பாயை உள்ளே கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னேன். டாக்டரம்மா என்னையும் திட்டவில்லை, பாயையும் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஜரீனாவையும் பாயையும் பார்த்து உள்ளதைச் சொன்னார். அது கிடைக்காவிட்டால் நான் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் வைத்தியம் பார்க்க வேண்டும். மருந்து குறைந்தால் நோய் திரும்பி வரும், கூடினால் மருந்தே உங்களை உருக்கிவிடும் என்றார். பாய் முகம் செத்துப்போயிற்று. கட்டுப் பிரித்த மேனிக்குப் படுத்திருந்த ஜரீனாதான் முதலில் வாயைத் திறந்தாள். டப்பா மூடியைத் திறந்தீர்களா என்று கேட்டாள். திறக்க மனசு வரவில்லை, அப்படியே வைத்தேன் என்றார் பாய். அப்படியானால் மருந்துத் தண்ணியில் ஊறிக்கொண்டுதானே இருக்கும், கெட்டிருக்காதே என்று அவள் டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா சட்டென்று எழுந்து நின்றார்.

பாய் ஒத்துக்கொள்ளவில்லை. மண்ணில் வைத்ததைத் தோண்டுவதா, அத்தா பக்கத்திலா, பாவம் வராதா என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஜரீனா அவரைக் கிட்டக் கூப்பிட்டாள்.

“அது அங்க வச்ச எடத்துலதான் இருக்கும், எங்கியும் போவாது. நான்தான் போய்டுவேன். ஹஜ்ரத்தாண்ட ஒரு வார்த்த கேட்டுட்டு மம்முட்டிய எடுங்க.”

கபர்ஸ்தான் வாசல்

பள்ளிவாசல் ஹஜ்ரத் வயசானவர். பாய் திக்கித் திணறிச் சொன்னதை முழுக்கக் கேட்டார். உயிரைக் காப்பாற்ற வேண்டியிருந்தால் முதலில் உயிர், மற்றதெல்லாம் அப்புறம் என்று சொன்னதோடு நிற்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினார். பெண்கள் உள்ளே போகிற வழக்கம் இல்லை, அதனால் நான் வாசலில் ஆட்டோவுக்குப் பக்கத்தில் நின்றேன். முந்தின இரண்டு நாளும் நல்ல மழை. உள்ளே எல்லாம் சேறு. அந்த டப்பாவில் தண்ணீர் இறங்கியிருந்தால் எல்லாம் முடிந்தது. மாதா கோயில் இருக்கிற திசையைப் பார்த்து நானும் என் பங்குக்கு ஒரு கும்பிடு போட்டேன். தப்பு என்னுடையது அல்லவா.

அரை மணி நேரம் கழித்துப் பாய் முழங்கால் வரைக்கும் சேற்றோடு வந்தார். கையில் இருந்தது டப்பா இல்லை, நீல நிறத்தில் ஒரு பொட்டலம். புதைப்பதற்கு முன்னால் டப்பாவைத் தார்ப்பாய்த் துண்டில் வைத்து, நாலு பக்கமும் மடித்து, சாக்கு ஊசியால் இரட்டைத் தையல் போட்டு, தையல் மேல் மெழுகும் தேய்த்திருக்கிறார். பெண்டாட்டியின் சதைக்கு மழை படக் கூடாது என்று நினைத்திருக்கிறார். காவலாளி பின்னாலேயே ஓடிவந்து நோட்டிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். வெளியே எடுத்ததுக்குத் தனியாக ஒரு சீட்டு வேண்டாமா என்றும் கேட்டார். ஹஜ்ரத் பார்த்த பார்வையில் நோட்டை மூடிக்கொண்டு உள்ளே போனார்.

பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு நானே லேபுக்குப் போனேன். லேப் டாக்டர் தடித்த கண்ணாடி போட்ட பெரியவர். தையலை வெட்ட முதல் கத்தரி போதவில்லை, இன்னொன்று வரவழைத்தார். உள்ளே டப்பா சுத்தமாக இருந்தது. மருந்துத் தண்ணீர் விட்ட அளவிலேயே நின்றது. நீள நூலும் குட்டை நூலும் வைத்தது வைத்தபடி இருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“முப்பது வருஷமா எனக்கு டப்பா வருதும்மா. ஒரு ஆஸ்பத்திரிகூட இவ்வளவு நல்லா பேக் பண்ணி அனுப்பினதில்ல.”

சாப்பாட்டு ராமன்

ரிப்போர்ட்டு வர எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நோய் பரவியிருந்தால், அல்லது தோண்டி எடுத்த சதை பரிசோதனைக்கு உதவவில்லை என்று சொல்லிவிட்டால், அந்தப் பாவம் யார் தலையில்? ஜரீனா நடுவில் ஒரு நாள் வந்து எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். நோயாளி வந்து வேலைக்காரிக்குத் தைரியம் சொன்னது எங்கள் வார்டில் அதுதான் முதல் தடவை.

ஒன்பதாம் நாள் டாக்டரம்மா எங்கள் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். ஓரங்கள் சுத்தம், அக்குள் நெறிகட்டிகளும் சுத்தம் என்றார். அப்புறம் ரகத்தைச் சொன்னார். கேன்சர் என்று ஒரே பேர் வைத்திருக்கிறோமே தவிர, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டாம். சிலது அவசரக்காரன், வந்ததும் ஊர் சுற்றக் கிளம்பிவிடும். ஜரீனாவுக்கு வந்தது சாப்பாட்டு ராமன் ரகம். உடம்பில் ஊறுகிற ஒரு சுரப்பைத் தின்றுதான் வளரும். தினம் ஒரு மாத்திரை போட்டு அந்தச் சாப்பாட்டை நிறுத்திவிட்டால் போதும். மூன்று வாரம் கரண்ட்டு வைக்க வேண்டும். முடி கொட்டுகிற மருந்து வேண்டாம். இந்த ரிப்போர்ட்டு இல்லாமல் போயிருந்தால் பயத்தில் அதையும் ஏற்றியிருப்பேன் என்றார். ஜரீனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் அழுதேன், அதை மறைக்க வேண்டியதில்லை. எல்லாரும் அடங்கினதும், மூலையில் நின்றிருந்த பாய் மெதுவாக ஒரு அடி முன்னால் வந்தார்.

“அப்ப அத்த திருப்பி வச்சிடலாமா டாக்டரம்மா?”

மூஞ்சிக்கு வலை

கரண்ட்டு வைக்கிற இடத்தில்தான் ஜரீனாவும் ஏழுமலையும் சிநேகிதமானார்கள். ஏழுமலைக்குக் கன்னம் ஆபரேஷன் முடிந்திருந்தது, நாக்கு பத்திரமாக இருந்தது. கதிர் சரியான இடத்தில் விழ, மார்பில் வைப்பவர்களுக்கு உடம்பிலேயே மையால் கோடு போடுவார்கள். அது அழியக் கூடாது. அழிந்தால் திரும்ப அளவெடுக்க வேண்டும். சென்னை வெயிலில் வேர்வைக்கும் ஜாக்கெட் உராய்வுக்கும் கோடு எத்தனை நாள் நிற்கும்? பெண்கள் பெஞ்சில் தினமும் இதே புலம்பல். ஜரீனா நாலாம் நாள் மெல்லிய பருத்தியில், கோடு இருக்கிற பக்கம் தையலே வராமல், தோளில் நாடா வைத்துக் கட்டுகிற மாதிரி ஒரு ஜாக்கெட் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். அடுத்த வாரம் பெஞ்சில் இருந்த ஆறு பெண்களும் அதே ஜாக்கெட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மிஷின் ஆபரேட்டர் தம்பி யூனிபார்ம் வந்துவிட்டதா என்று கேட்டான்.

ஏழுமலைக்கு வேறு மாதிரி. முகம் அசையக் கூடாது என்பதற்காக, சூடான பிளாஸ்டிக் வலையை மூஞ்சியில் அழுத்தி அச்சு எடுத்து, அந்த வலையை மேஜையோடு பூட்டிவிடுவார்கள். முதல் நாள் அதற்குள் போக மாட்டேன் என்று அடம்பிடித்தார். கன்டெய்னர் லாரியை ரிவர்சில் சந்துக்குள் விடுகிற மனுஷன், அஞ்சு நிமிஷம் அசையாமல் படுக்கப் பயப்பட்டார். பயம் வந்தால் துறைமுக கேட்டில் திட்டின ஆட்களை ஒவ்வொருத்தராக நினைத்துக்கொள், அஞ்சு நிமிஷம் போதாது என்று ஜரீனா சொல்லிக்கொடுத்தாள். அது வேலை செய்தது. கடைசி நாள் அந்த வலையை வீட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். போன மாதம் டோல்கேட்டுப் பக்கம் அவர் லாரியைப் பார்த்தேன். முன்னால் அந்த வலை மூஞ்சிக்குச் சிவப்புப் பெயின்ட்டில் நாக்கும் கறுப்பில் மீசையும் வரைந்து, திருஷ்டிக்குக் கட்டியிருந்தார். இது என்ன கோலம் என்று கேட்டேன்.

“கடையில விக்கிற பொம்மையெல்லாம் வேஸ்ட்டுக்கா. என் மூஞ்சிய வுட பயங்கரமா எவன் செஞ்சி குடுப்பான்?”

மெழுகு வில்லை

ஜரீனாவுக்குக் கரண்ட்டு முடிந்தது. மாத்திரை ஒத்துக்கொண்டது. மூன்று மாதம் கழித்துப் பார்த்த பரிசோதனையும் நன்றாக வந்தது. குணமாகாமல் இருந்தவர் காதர் பாய்தான். ஒவ்வொரு தடவை வரும்போதும் லேப் வாசலில் போய் நிற்பார். அத்தா பக்கத்தில் வைத்ததைத் தோண்டி எடுத்துவிட்டேன், திருப்பி வைக்கவில்லை என்று அவருக்கு ஒரே உறுத்தல். அவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை, தைக்க எடுத்த தார்ப்பாய் பாதியிலேயே கிடக்கிறது என்று ஜரீனா சொன்னாள். ஆனால் டாக்டரம்மா கொடுக்கத் தயாராக இல்லை. பரிசோதனை முடிந்த சதையைச் சின்ன மெழுகு வில்லையில் பதித்து வைப்பார்கள், ஜரீனாவுடையதும் வெளி லேபிலிருந்து எங்கள் லேபுக்கே வந்திருந்தது. பிற்காலத்தில் நோய் எட்டிப் பார்த்தால், பழையதா புதியதா என்று ஒப்பிட அந்த வில்லை வேண்டும். நோயாளி கையெழுத்துப் போட்டுக் கேட்டால் அவரிடமே கொடுப்பார்கள், அதில் தடையில்லை. ஆனால் அது பாய் கைக்குப் போனால் நேராக எங்கே போகும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஒரு நாள் ஜரீனா தனியாக வந்தாள். லேபில் கையெழுத்துப் போட்டு வில்லையை வாங்கிக்கொண்டாள். டாக்டரம்மா கலங்கிப்போய்ப் பார்த்தார். ஒன்றும் பயப்படாதீர்கள், நீங்கள் கேட்டால் அரை மணியில் வரும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பிரியாணிக்குக் கூப்பிட்டிருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் பாயையும் என்னையும் நிற்கவைத்து பீரோவைத் திறந்தாள். அடித் தட்டில் ஒரு வெள்ளைத் துணி. ஜரீனாவின் கடைசி நாளில் போர்த்துவதற்காக, அவள் நாத்தனார் மக்காவுக்குப் போனபோது அங்கே இருக்கிற புனித ஜம்ஜம் கிணற்றுத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்ததாம். அந்தத் துணியின் மடிப்பைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே சின்ன எவர்சில்வர் டப்பா, அதற்குள் மெழுகு வில்லை. பாய் துணியையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

“இது மண்ணுக்குப் போவப்போற துணிதானே? அதுலயே வச்சிட்டேன். நடுவுல டாக்டரம்மா கேட்டா எடுத்துக் குடுப்பேன், கேக்கலன்னா என்கூடவே வரும். நீங்க ரெண்டு தபா குழி வெட்ட வேணாம்.”

துணியின் மடிப்பைப் பாயே சரியாக்கி, உள்ளே இரண்டு அந்துருண்டை போட்டுவிட்டு, எனக்கு இன்னும் கொஞ்சம் பிரியாணி வைக்கச் சொன்னார். ஜரீனா பீரோவைப் பூட்டி, சாவியைத் தன் கழுத்துச் சங்கிலியில் கோர்த்துக்கொண்டாள். என் கைப்பட்ட சதைகளிலேயே, போகவேண்டிய இடத்துக்கு வழி தெரிந்தும் பிரியாணி வாசனையில் சட்டமாக உட்கார்ந்திருப்பது அது ஒன்றுதான்.